நாய்த்தட்டும் நம் வீட்டுப் பாத்திரம்தான்!

கொல்லிமலையில் நாய் என்பது வெறும் செல்லப்பிராணி இல்லை. ராத்திரியில் மரவள்ளிக் காட்டுக்குள் காட்டுப்பன்றி இறங்கினால் முதலில் குரல் கொடுப்பது அதுதான். காயவைத்த மிளகைக் குரங்கு கிளறினாலும், வாசலில் முன்பின் தெரியாத ஆள் வந்து நின்றாலும் அதுதான் வீட்டுக்காரர்களைக் கூப்பிடும். இவ்வளவு வேலை பார்க்கிற அந்த ஜீவனுக்கு நாம் எதில் சோறு போடுகிறோம்? பெயின்ட் டப்பாவின் மூடி, ஓரம் உடைந்த பிளாஸ்டிக் பேசின், நசுங்கிப்போன அலுமினியத் தட்டு. அதுவும் இல்லையென்றால் வெறுந்தரை.

மலை வீடு மட்டுமல்ல, சென்னை அடுக்குமாடிக் குடியிருப்பிலும் இதே கதைதான். பழசானது, உடைந்தது, வேண்டாம் என்று ஒதுக்கியது எல்லாம் நாய்க்கு. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. சென்னையில் நாய்க்கு வயிறு உப்பிக்கொண்டால் ஆட்டோ பிடித்து டாக்டரிடம் போய்விடலாம். செம்மேட்டில் இருப்பவர் இரவு 10 மணிக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போக வேண்டும் என்றால் மலைப்பாதையில் வளைந்து வளைந்து இறங்கி, 50 கிலோமீட்டர் வாக்கில் பயணம் செய்தாக வேண்டும். அதனால் வருமுன் காப்பது மலைக்காரர்களுக்குக் கூடுதல் அவசியம். அது சோற்றுத் தட்டில்தான் ஆரம்பிக்கிறது.

எந்தப் பாத்திரம் நல்லது?

ஒரே வரியில் பதில் வேண்டுமென்றால், எவர்சில்வர். கனமான, அடி அகன்ற, ஓரம் மழுங்கலான எவர்சில்வர் கிண்ணம் ஒன்று வாங்கினால் நாயின் ஆயுள் முழுக்க வரும். துருப்பிடிக்காது, கடித்தாலும் உடையாது, வெந்நீர் ஊற்றிக் கழுவலாம். இதற்கென்று நாய்ச் சாமான் கடையைத் தேடிப் போக வேண்டியதில்லை. எந்தப் பாத்திரக் கடையிலும் கிடைக்கும்.

பிளாஸ்டிக்கை ஏன் வேண்டாம் என்கிறோம்? நாயின் பல்லும் நகமும் பட்டதும் அதில் கீறல் விழும். அந்தக் கீறலுக்குள் எண்ணெயும் எச்சிலும் தங்கிவிடும். எவ்வளவு தேய்த்தாலும் போகாத பிசுபிசுப்பு அதுதான். கிருமிகள் குடியிருக்க வசதியான இடமும் அதுவே. போதாக்குறைக்கு, குட்டி நாய்கள் பிளாஸ்டிக்கைக் கடித்துத் துண்டு துண்டாக விழுங்கும்.

பீங்கான் கனமாக இருப்பதால் நகராது. நல்லதுதான். ஆனால் மேற்பூச்சில் விரிசல் விழுந்தால் அன்றே மாற்றிவிட வேண்டும். மண்சட்டி ஈரத்தையும் எண்ணெயையும் உறிஞ்சிக்கொள்ளும். தண்ணீருக்கு வைக்கலாம், குழைந்த சோற்றுக்கு வேண்டாம். மெல்லிய அலுமினியத்தில் தயிர், ரசம் போன்ற புளித்த பண்டங்களை வைத்தால் உலோகம் அரிக்கும். கொட்டாங்குச்சியில் வைத்தால் சோறு தீர்ந்ததும் நாய் கொட்டாங்குச்சியையே கடிக்க ஆரம்பித்துவிடும். விழுங்கிய சில்லு குடலில் அடைத்துக்கொண்டால் அறுவை சிகிச்சை வரை போகலாம்.

கல்தொட்டி இருக்கிற வீடுகள் பாக்கியசாலிகள். தண்ணீர் சில்லென்று இருக்கும், கவிழாது. ஆனால் வாரம் ஒருமுறையாவது தொட்டியைக் காலி செய்து, உள்சுவரைத் தேங்காய் நார் வைத்துத் தேய்க்க வேண்டும். டெங்கு கொசு தண்ணீரை ஒட்டிய சுவரில்தான் முட்டையை ஒட்டிவைக்கும். முட்டை கொசுவாக 7 முதல் 10 நாள் போதும். தண்ணீரை மட்டும் மாற்றினால் முட்டை அங்கேயே இருக்கும்.

கழுவுவது யார் வேலை?

2011-ல் அமெரிக்காவின் என்எஸ்எஃப் நிறுவனம் 22 குடும்பங்களின் வீடுகளில், தினமும் புழங்கும் 30 பொருள்களைச் சோதித்துப் பார்த்தது. கிருமி அதிகம் உள்ள இடங்களில் முதலிடம் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சுக்கு. நான்காவது இடம் செல்லப்பிராணியின் சாப்பாட்டுக் கிண்ணத்துக்கு! நாய் நக்கிப் பளபளவென்று வைத்துவிட்டால் தட்டு சுத்தமாகிவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அது எச்சிலின் பளபளப்பு.

ஆகவே சாப்பாட்டுத் தட்டை ஒவ்வொரு வேளைக்குப் பிறகும், தண்ணீர்க் கிண்ணத்தைத் தினமும் சோப்பு போட்டுக் கழுவுங்கள். நாய்ப் பாத்திரத்துக்கென்று தனி நார் இருக்கட்டும். கழுவியவர் கையைச் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். வீட்டில் பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளை இருந்தால் இந்த வேலையை அவனிடமோ அவளிடமோ கொடுக்கலாம். நாய் வளர்ப்பது கொஞ்சுவது மட்டுமல்ல என்று புரியும்.

எங்கே வைப்பது?

ஆள் நடமாட்டம் குறைந்த ஒரு மூலையில், தினமும் ஒரே இடத்தில் வையுங்கள். வாசல்படி, அடுப்பங்கரை வழி, பிள்ளைகள் ஓடியாடும் திண்ணை இதற்குச் சரிப்படாது. ஒவ்வொரு நிமிடமும் யாரோ தாண்டிப் போகிற இடத்தில் எந்த உயிரும் நிம்மதியாகச் சாப்பிடாது.

இருபது நிமிடம் கழித்து மிச்சம் இருந்தால் எடுத்துவிடுங்கள். “அப்புறம் தின்னும், இருக்கட்டும்” என்று முற்றத்தில் விட்டுவைத்தால் பகலில் குரங்கு வரும், ராத்திரி எலி வரும். எலியின் சிறுநீர் பட்ட சோற்றையும் தண்ணீரையும் நாய் சாப்பிட்டால் எலிக்காய்ச்சல் வரலாம். அது நாயோடு நிற்காது. மனிதருக்கும் தொற்றக்கூடிய நோய் அது. மழைக்காலத்தில் இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

எறும்புத் தொல்லைக்குப் பாட்டி காலத்து வைத்தியமே போதும். அகலமான தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, அதன் நடுவில் சோற்றுக் கிண்ணத்தை வைத்துவிட்டால் எறும்பு தாண்டி வராது.

கடைகளில் கால் வைத்த உயரமான கிண்ணங்கள் விற்கிறார்கள். நாய் குனிய வேண்டாம், ஜீரணத்துக்கு நல்லது என்று சொல்லித்தான் விற்கிறார்கள். பெரிய ஜாதி நாய் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும. அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1,600-க்கும் மேற்பட்ட பெரிய ஜாதி நாய்களைத் தொடர்ந்து கவனித்து, 2000-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். உயரத்தில் வைத்த கிண்ணத்தில் சாப்பிட்ட நாய்களுக்கும், வேகமாக விழுங்கிய நாய்களுக்கும் வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து கூடுதலாக இருந்தது. நம் ராஜபாளையம், சிப்பிப்பாறை போல நெஞ்சுக்கூடு ஆழமாக உள்ள நாய்களுக்கு இந்த எச்சரிக்கை பொருந்தும். கழுத்து வலி, மூட்டு வலி என்று டாக்டர் சொன்னால் ஒழிய, தட்டு தரையிலேயே இருக்கட்டும்.

குழம்புச் சோறு வேண்டாம்

நம் வீடுகளில் நாய்ச் சாப்பாடு என்றாலே மிஞ்சின சோறும் குழம்பும்தான். அரிசியில் தப்பே இல்லை. 2013-ல் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார்கள். மாவுச்சத்தைச் செரிக்கவைக்கும் மரபணு ஓநாயிடம் இரண்டு பிரதிகள்தான் இருக்கிறது. நாயிடமோ நான்கு முதல் முப்பது பிரதிகள் வரை! மனிதனோடு சேர்ந்து வாழ்ந்து, அவன் தானியத்தைப் பகிர்ந்து தின்று, நாயின் வயிறே மாறியிருக்கிறது. ஆகவே “நாய்க்குக் கறி மட்டும்தான் ஆகும்” என்பது சரியில்லை.

தப்பு குழம்பில் இருக்கிறது. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். வேகவைத்தாலும் அந்தக் குணம் போகாது. ஒரு நாளில் தெரியாது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து சோகையில் கொண்டுபோய் விடும். அடுத்தது புளி. திராட்சை நாய்களின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது பல வருடங்களாகத் தெரியும். காரணம்தான் தெரியாமல் இருந்தது. டார்டாரிக் அமிலம்தான் அது என்ற கருத்தை முன்வைத்து 2022-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. அதே அமிலம் நிறைந்த புளியைத் தின்ற நாய்களுக்கும் சிறுநீரகம் பாதித்ததை அந்தக் கட்டுரை பதிவுசெய்தது. புளி மூட்டையை நாய்க்கு எட்டாமல் வையுங்கள், புளிக்குழம்பைத் தட்டில் ஊற்றாதீர்கள்.

வழி ரொம்பச் சுலபம். குழம்பு தாளிப்பதற்கு முன்பே, உப்பு, வெங்காயம், புளி சேர்க்காத வெந்த பருப்பையோ காயையோ கறியையோ நாய்க்கென்று ஒரு கரண்டி எடுத்து வைத்துவிடுங்கள். தனிச் சமையல் தேவையில்லை. எடுத்து வைக்கும் நேரம்தான் மாற வேண்டும்.

சமைத்த கோழி எலும்பு கூடாது. வெந்த எலும்பு ஊசி ஊசியாகப் பிளந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும். சாக்லேட், காபி, டீ, திராட்சை, உலர்திராட்சை ஆகியவையும் கூடாது. வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பால் ஒத்துக்கொள்ளாமல் வயிற்றால் போகும். அப்படியானால் பாலை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் தயிர் கொடுத்துப் பார்க்கலாம்.

மலையில் விளைவதில் எது ஆகும்?

கொல்லிமலை சிறுதானியத்துக்குப் பேர்போன இடம். மரவள்ளி பணப்பயிராகப் பரவியபோது சாமையும் தினையும் நிலத்தை இழந்தன. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அவற்றை மீட்க மலை விவசாயிகளோடு சேர்ந்து பல ஆண்டுகள் வேலை செய்திருக்கிறது. அந்தச் சாமையும் தினையும் கேழ்வரகும் நாய்க்கும் ஆகும். நன்றாகக் குழைய வேகவைத்து, ஆறிய பிறகு கொடுக்க வேண்டும். புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் வழக்கமான சோற்றில் கால் பங்கு கலந்து, ஒரு வாரத்தில் மெல்ல மெல்லக் கூட்டுங்கள்.

தானியம் வயிற்றை நிரப்பும். தசைக்குப் புரதம் வேண்டும். நாமக்கல் மாவட்டத்துக்காரர்களுக்கு அதற்குச் சொல்லியா தர வேண்டும்? முட்டை! ஆனால் வேகவைத்தே கொடுங்கள். பச்சை வெள்ளைக்கருவைத் தினமும் கொடுத்தால் பயோட்டின் என்ற சத்து உடம்பில் சேராமல் தடுக்கும். வீட்டுச் சாப்பாடு மட்டுமே தின்னும் நாய்க்குச் சுண்ணாம்புச்சத்து குறைய வாய்ப்பு உண்டு. குட்டி, சினை நாய், பால் கொடுக்கும் நாய் என்றால் எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அவரே அளவு சொல்வார்.

மரவள்ளிக் கிழங்கில் கவனம் வேண்டும். பச்சைக் கிழங்கிலும் தோலிலும் இலையிலும் சயனைடாக மாறும் பொருள் இருக்கிறது. இலையையும் தோலையும் தின்ற ஆடு மாடு துடித்துச் செத்ததை மலையில் பெரியவர்கள் அறிவார்கள். நாய்க்கும் அதே விஷம்தான். தோல் நீக்கி, நன்றாக வேகவைத்து, வெந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, இரண்டு துண்டு கொடுப்பதோடு நிறுத்துங்கள். பலாச்சுளை ஒன்றிரண்டு தின்றால் பரவாயில்லை. கொட்டையும் சடையும் அடைப்பை உண்டாக்கும். காபிப் பழம் காயவைக்கிற களத்தில் நாயைத் தனியாக விடாதீர்கள்.

எத்தனை வேளை, எவ்வளவு?

மூன்று மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு நாளைக்கு நான்கு வேளை. மூன்று முதல் ஆறு மாதம் வரை மூன்று வேளை. அதற்கு மேல் காலை, மாலை என்று இரண்டு வேளை போதும். ராத்திரிக் காவலுக்கு நாய் விழித்திருக்க வேண்டும் என்று நாள் முழுக்கப் பட்டினி போட்டு ஒரே வேளையாகக் கொட்டுகிறவர்கள் உண்டு. பசியில் அது ஒரே மூச்சில் விழுங்கும். வயிறு உப்பும் ஆபத்து அங்கேதான். சாப்பிட்டவுடன் ஓடவிடுவதும் வேண்டாம், ஒரு மணி நேரமாவது படுத்திருக்கட்டும்.

10 கிலோ எடையுள்ள, சுமாராக ஓடியாடும் வளர்ந்த நாய்க்கு நாளொன்றுக்குச் சுமார் 600 கிலோ கலோரி தேவை. ஒரு குளுக்கோஸ் பிஸ்கட்டில் சுமார் 25 கிலோ கலோரி இருக்கிறது. தாத்தா டீ குடிக்கும்போது நாலு, பேரன் பள்ளி விட்டு வந்ததும் நாலு, அப்பா இரண்டு என்று போட்டால் 250 ஆயிற்று. ஒரு நாள் தேவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிஸ்கட்டிலேயே போய்விடுகிறது. அப்புறம் “சோத்தைத் தொட மாட்டேங்குது” என்று கவலைப்படுகிறோம்!

அளவு சரியா என்று தெரிந்துகொள்ளத் தராசு வேண்டாம். கை போதும். விரல்களை நீட்டி, புறங்கையைத் தடவிப் பாருங்கள். எலும்பு லேசாகத் தட்டுப்படும். நாயின் விலாவைத் தடவும்போது அப்படி இருந்தால் சரியான எடை. முஷ்டி மடக்கினால் துருத்தும் முட்டி மாதிரி இருந்தால் மெலிவு. உள்ளங்கை மாதிரி மெத்தென்று இருந்தால் கொழுப்பு.

தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். கிலோவுக்கு 50 முதல் 60 மில்லி என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். மலைக் குளிரில் நாய் தண்ணீர் குடிக்கவில்லை என்று தோன்றினால் சோற்றில் கொஞ்சம் வெதுவெதுப்பான நீர் ஊற்றிப் பிசைந்து கொடுங்கள்.

ஒரே நிமிடத்தில் விழுங்கினால்?

வேகத்தைக் குறைக்க மேடு பள்ளம் வைத்த கிண்ணங்கள் கடையில் கிடைக்கின்றன. ஆனால் நம் வீட்டிலேயே அருமையான சாதனம் ஒன்று இருக்கிறது. பழைய இட்லித் தட்டு! குழிக்கு ஒரு கைப்பிடி என்று பிசைந்த சோற்றை அப்பி வைத்தால் நாய் குழி குழியாக நக்கித்தான் தின்ன வேண்டும். அந்தத் தட்டை நாய்க்கென்றே ஒதுக்கிவிடுங்கள், ஓரம் கூராக இருக்கிறதா என்று மட்டும் தடவிப் பாருங்கள்.

இரண்டு நாய்கள் இருந்தால் தட்டும் இரண்டு, இடமும் இரண்டு. பக்கத்தில் இன்னொன்று நின்றால் போட்டிக்கு விழுங்கும். வயிறு பெரிதாக உப்பி, வாந்தி எடுக்க முயன்றும் எதுவும் வராமல், நிலைகொள்ளாமல் தவித்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மணிக்கணக்கில் உயிர் போகக்கூடிய அவசரம் அது.

தட்டருகே உறுமினால்

இந்தப் பக்கத்தில் வேறு எதைத் தாண்டிப் போனாலும் இதைத் தாண்டாதீர்கள். வெறிநாய் என்று சந்தேகிக்கப்படும் விலங்குகளிடம் கடிபடுகிறவர்களில் 40 சதவிகிதம் பேர் 15 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தெருநாயிடம் மட்டும் பயந்தால் போதாது. குழந்தைகளை வீட்டு நாயும் கடிக்கும். அது தின்றுகொண்டிருக்கும்போது பக்கத்தில் போய் உட்காருவதும், தட்டைத் தொடுவதும் கடி வாங்குவதற்கு நேர்வழி.

“யாரு எஜமான்னு அதுக்குத் தெரியணும்” என்று சொல்லி, தின்னும் நாயின் தட்டைப் பிடுங்கி எடுக்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. நாய் இதிலிருந்து மரியாதையைக் கற்றுக்கொள்வதில்லை. மனிதக் கை அருகே வந்தால் சோறு போய்விடும் என்பதைத்தான் கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை உறுமும். உறுமியதற்கு அடித்தால் உறுமலை விட்டுவிட்டு நேரே கடிக்கும். உறுமல் என்பது எச்சரிக்கை மணி. மணியின் நாக்கை அறுத்துவிட்டால் தீ அணைந்துவிடாது.

பாடத்தைத் திருப்பிப் போடுங்கள். நாய் சாப்பிடும்போது அது உறுமாத தூரத்தில் பெரியவர் ஒருவர் நடந்து போக வேண்டும். போகிற போக்கில் ஒரு துண்டு வேகவைத்த முட்டையைத் தட்டுப் பக்கம் போட்டுவிட்டு, நிற்காமல் போய்விட வேண்டும். வேளைக்கு இரண்டு மூன்று முறை. சில நாளில், ஆள் வருவதைப் பார்த்ததும் நாய் தலையைத் தூக்கி, வாலைத் தளர்வாக ஆட்டும். அதற்குப் பிறகு ஓர் அடி நெருங்கலாம். உடம்பு விறைத்தால் பழைய தூரத்துக்குத் திரும்புங்கள். மனிதர் வந்தால் சோறு கூடும் என்று அதற்குப் புரிய வேண்டும். ஏற்கெனவே கடித்த நாய் என்றால் நீங்களாக முயலாமல் கால்நடை மருத்துவரிடம் யோசனை கேளுங்கள்.

பிள்ளைகளுக்கு மூன்றே விதிகள். தின்னும் நாயைத் தொடக் கூடாது. தூங்கும் நாயைத் தொடக் கூடாது. குட்டியோடு இருக்கும் தாயிடம் போகக் கூடாது. பாட்டியும் தாத்தாவும் அத்தையும் எல்லோரும் இதையே சொல்ல வேண்டும். விதி தெரிந்த குழந்தையாக இருந்தாலும், தவழும் வயதென்றால் நாய் சாப்பிடும் நேரத்தில் கதவு மூடியிருக்கட்டும்.

மீறிக் கடிபட்டால், லேசான கீறலாக இருந்தாலும், குழாய்த் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வைக்காதீர்கள். அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள், அங்கே இலவசம். நம்ம வீட்டு நாய்தானே என்ற நினைப்பு வேண்டாம். வெறிநோய் அறிகுறி தெரிந்த பிறகு உயிர் பிழைப்பது அரிதிலும் அரிது.

மலை ஏறி வருகிறவர்களுக்கு

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி அறப்பளீஸ்வரரையும் ஆகாய கங்கையையும் பார்க்க வருகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வளைவில் வண்டியை நிறுத்தி நாய்க்கும் குரங்குக்கும் பிஸ்கட் வீசாதீர்கள். அடுத்த வண்டியிலும் கிடைக்கும் என்று அவை சாலை நடுவில் வந்து நிற்கப் பழகிவிடும். வளைவு திரும்புகிற ஓட்டுநருக்கு அது கடைசி நொடியில்தான் தெரியும். ஆடி 18-ஐ ஒட்டி நடக்கும் வல்வில் ஓரி விழாவுக்கு வரும் கூட்டம் சாப்பிட்டுப் போடும் கோழி எலும்பும் பிளாஸ்டிக் இலையும் நாய்களின் வயிற்றுக்குள்தான் போகின்றன. மிச்சத்தைப் பையில் கட்டிக் கீழே கொண்டு போய்விடுங்கள்.

தெருநாய்க்குச் சோறு போடுவது புண்ணியம்தான். எங்கே போடுகிறோம் என்பதும் முக்கியம். 2023-ல் மத்திய அரசு கொண்டுவந்த விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள், பிள்ளைகள் விளையாடும் இடம், மாடிப்படி, நுழைவாயில் ஆகியவற்றிலிருந்து தள்ளி இடம் ஒதுக்கச் சொல்கின்றன. போட்ட பிறகு அந்த இடத்தைச் சுத்தம் செய்வதும் போட்டவரின் பொறுப்பு.

இன்று ராத்திரி உங்கள் நாய்க்குச் சோறு வைப்பதற்கு முன்னால் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். அதன் தட்டை எடுத்து, விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். கீறல், விரிசல், பிசுபிசுப்பு இருந்தால் நாளைக் காலை அடுக்களையில் கிடக்கும் பழைய எவர்சில்வர் கிண்ணம் ஒன்றைத் தேடி எடுத்து, தேய்த்து வையுங்கள். காசு செலவில்லை. வீட்டைக் காக்கிற ஜீவனுக்கு ஒரு சுத்தமான தட்டு, அவ்வளவுதான்.